பில்டரில் மிச்சம் பிடிக்கலாமா?

ஹட்டன் டவுனில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"முதலாளி, டொல்பின் வேனுக்கு ஒயில் பில்டர் ஒண்ணு குடுங்க."

"எது வேணும் தம்பி? ஜெனுயின் இருக்கு, சகுரா இருக்கு, சைனா சாமானும் இருக்கு."

"விலை எப்படி?"

மூன்று விலையும் சொல்லப்படும். வந்தவர் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார். பிறகு அநேகமாக ஆகக் குறைந்த விலைக்குத்தான் கை போகும்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வேனுக்கு லீசிங் கட்டவேண்டும். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் என்றால், அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்குத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதே 2021-இல்தான். 1,350 ஆனது 2024 செப்டம்பரில். அவர்களிடம் வேன் காசை எவ்வளவு கூட்ட முடியும்? செலவுப் பக்கம் அப்படி நிற்கவில்லை. 2022-இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில வாரங்களுக்குள் 360-ஐத் தொட்டபோது, ஒயில், டயர், பில்டர் என்று கப்பலில் வருகிற எல்லாமே கூடவே ஏறின. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியாருக்குத் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. கையில் இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட்டியாக வேண்டும் என்ற நிலைமையில்தான் அந்த ஐந்து வருஷமும் மலையகத்தில் போனது. இன்றைக்கும் புது வண்டி எடுக்கிற வசதி நம்மில் எத்தனை பேருக்கு?

ஆனால் அதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், ஒயில் பில்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். வண்டி பழையது, எஞ்சின் போனால் மாற்ற வழியில்லை, சோறு போடுவது அந்த வண்டிதான் என்றால், பில்டர் விஷயத்தில் மற்றவர்களை விட நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். அதற்காக ஆக விலை கூடியதையே வாங்குங்கள் என்றும் நான் சொல்லவில்லை. நடுவிலை, பேர் தெரிந்த பிராண்ட், நேரத்துக்கு மாற்றுவது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் காசுக் கணக்கு. பில்டர் விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குக்காக, மட்டமான பில்டருக்கும் நல்ல பில்டருக்கும் 1,500 ரூபா வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு சேர்விஸ் என்றால், அந்த வித்தியாசம் கிலோமீற்றருக்கு 30 சதம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுகிற வேனுக்கு, எரிபொருள் லீற்றர் 300 ரூபா என்று பார்த்தால், கிலோமீற்றருக்கு 30 ரூபா அதற்கே போகிறது. அதில் நூறில் ஒரு பங்குதான் நாம் பில்டரில் மிச்சம் பிடிப்பது. டயருக்குப் பேரம் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது, அங்கே தொகை பெரிது. பில்டரில் பிடிக்கிற மிச்சம் ஒரு நாள் ஹயரில் கரைந்துவிடும்.

இனி, அந்த டின்னுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஏர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜோர்ஜ் கிரீன்ஹால்கும் 1923-இல் கொண்டுவந்த பியூரோலேட்டர்தான் காருக்கு வந்த முதல் ஒயில் பில்டர். நாம் இன்றைக்குக் கையால் திருகிப் போடுகிற டின் வடிவம் 1950-களில் வந்தது. பம்ப் எடுத்துத் தள்ளுகிற ஒயில், டின்னின் ஓரத்தில் இருக்கிற சின்ன ஓட்டைகளால் உள்ளே போய், மடிப்பு மடிப்பாக இருக்கிற தாளைக் கடந்து, நடுக்குழாயால் வெளியே வந்து பெயரிங்குகளுக்குப் போகிறது. மனுஷன் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்பு. பெயரிங்கைத் தின்பது அதைவிட எவ்வளவோ சின்னத் துகள்கள், 5 முதல் 20 மைக்ரோன் வரையானவை. கண்ணுக்கே தெரியாது. 1988-இல் ஜெனரல் மோட்டர்ஸ் பொறியியலாளர்கள் ஒரு டீசல் எஞ்சினை வைத்துச் செய்த ஆய்வில், 40 மைக்ரோன் பில்டரோடு ஒப்பிட்டால் 30 மைக்ரோன் பில்டர் தேய்மானத்தைப் பாதியாகக் குறைத்தது. 15 மைக்ரோன் பில்டர் 70 வீதம் குறைத்தது. பில்டருக்குப் பில்டர் வித்தியாசம் இல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள்.

ஆனாலும், நம்ம ஊர் ஏற்ற இறக்கத்துக்குத் தாளை விட முக்கியமானவை அந்த டின்னுக்குள் இருக்கிற இரண்டு வால்வுகள் என்பேன்.

ஒன்று பைபாஸ் வால்வு. தாள் அடைத்துப்போனாலோ, ஒயில் குளிரில் தடித்துப்போனாலோ, எஞ்சினுக்கு ஒயிலே போகாமல் நின்றுவிடக் கூடாது. அதற்காக ஓர் அழுத்தத்துக்கு மேல் இந்த வால்வு திறந்து, வடிக்காத ஒயிலையே உள்ளே விடும். பெரும்பாலான கார் பில்டர்களில் சதுர அங்குலத்துக்கு 8 முதல் 20 இறாத்தல் வரை அழுத்த வித்தியாசம் வரும்போது திறக்கும். தோட்டத்தில் கான் அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் ரோட்டில் ஏறி ஓடுமே, அந்த மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் இங்கே அந்த வழியைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். அழுக்கு ஒயில் போனாலும் பரவாயில்லை, ஒயில் இல்லாமல் இருக்கக் கூடாது. இந்த வால்வின் ஸ்பிரிங் மட்டமாக இருந்தால் இரண்டு விதத்தில் கெடுதல். சீக்கிரமே திறந்துகொண்டால் பில்டர் இருந்தும் இல்லாத கணக்கு. திறக்கவே மறுத்தால் தாள் கிழியும், அல்லது பெயரிங் காயும்.

மற்றது, ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கிற ரப்பர் வால்வு. ராத்திரி வண்டி நிற்கும்போது பில்டருக்குள் இருக்கிற ஒயில் கீழே சம்புக்கு இறங்கிவிடாமல் இது பிடித்து வைக்கும். பில்டர் படுத்த மாதிரியோ தலைகீழாகவோ பூட்டியிருக்கிற எஞ்சின்களில் இது கட்டாயம். மட்டமான பில்டர்களில் சாதாரண நைட்ரைல் ரப்பர் போடுவார்கள், சூட்டில் அது காலப்போக்கில் இறுகிவிடும். நல்லதில் அநேகமாகச் சிலிக்கோன் இருக்கும், சூட்டையும் குளிரையும் தாங்கும்.

இப்போது நுவரெலியாவில் ஜனவரி மாத விடியலை நினைத்துப் பாருங்கள். 1,868 மீற்றர் உயரம், புல்லில் உறைபனி, வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே. கொழும்பு ஹயருக்காக நாலு மணிக்கு வேனை ஸ்டார்ட் பண்ணுகிறீர்கள். ரப்பர் வால்வு இறுகிப்போய் ராத்திரியே ஒயில் இறங்கிவிட்டது. பம்ப் முதலில் காலி டின்னை நிரப்ப வேண்டும், பிறகுதான் மேலே ஒயில் போகும். அந்த இரண்டு மூன்று வினாடி எஞ்சின் கடகடவென்று சத்தம் போடும், ஒயில் லைட் அணையத் தாமதமாகும். பலரும் "குளிர்தானே, சூடானால் சரியாகும்" என்று விட்டுவிடுவார்கள். தினமும் அந்த வினாடிகளில்தான் தேய்மானம் நடக்கிறது. அதோடு, எல்லா வண்டிக்கும் 20டபிள்யூ-50 ஒயில்தான் நல்லது என்ற ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. கொழும்பு வெயிலில் ஓடுகிற பழைய எஞ்சினுக்கு அது பொருந்தலாம். இந்தக் குளிரில் அவ்வளவு தடித்த ஒயில், சூடாகும் வரை, தாளைக் கடக்க முடியாமல் பைபாஸ் வழியாகப் போகக்கூடும். அந்த நேரத்தில் நல்ல பில்டர் இருந்தும் பிரயோசனம் இல்லை. வண்டியின் கையேட்டில் என்ன தடிப்பு சொல்லியிருக்கிறதோ அதைப் போடுங்கள்.

ஏறுகிற பக்கமும் அப்படித்தான். அவிசாவளையில் இருந்து ஏ-7 பாதையில் கினிகத்தேனை தாண்டி ஹட்டனுக்கு ஏறுகிற வண்டி, ஆள் நிறைந்திருந்தால் பெரும்பாலும் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும்தான் வரும். கிலோமீற்றர் மீற்றரில் குறைவாகத்தான் காட்டும், ஆனால் எஞ்சின் சுற்றிய சுற்று மிக அதிகம். கொழுந்து லொறி இன்னும் மோசம். மலைக்கு மலை நின்று நின்று, மடுவத்தில் எஞ்சினை ஓடவிட்டு, பக்டரிக்கு வந்து சேர ஓடிய தூரம் சொற்பமாக இருக்கும். ஸ்கூல் வேன் லயத்தில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற கொஞ்ச தூரத்தில் எஞ்சின் முழுதாகச் சூடாகவே மாட்டாது. ஒயிலில் சேர்ந்த ஈரமும் பெற்றோலும் ஆவியாகிப் போக நேரமில்லை. ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெளுத்த களி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவனொளிபாதமலை சீசனில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு ராத்திரி ராத்திரியாக ஓடுகிற வேன்களுக்கு இவை எல்லாமே சேர்ந்து வரும். வண்டிக் கையேட்டில் 10,000 கிலோமீற்றர் என்று போட்டிருந்தாலும், அதே பக்கத்தில் கடினமான பாவனைக்கு அதைக் குறைக்கும்படி எழுதியிருப்பார்கள். மலையகத்துப் பாவனை முழுவதும் அந்தக் கடினமான பாவனைதான். 5,000-இல் மாற்றுங்கள்.

டிக்கோயாப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கராஜ் இருக்கிறது. அங்குள்ள மெக்கானிக் பாஸுக்கு ஒரு நல்ல பழக்கம், கழற்றிய பில்டரை அப்படியே குப்பையில் போடமாட்டார். ஒயிலை வடியவிட்டு, வைஸில் பிடித்து, விளிம்புக்குக் கீழே சுற்றி வெட்டித் திறப்பார். ஒருமுறை, ஒரே மாதிரியான இரண்டு வேன்களின் பில்டர்களை அடுத்தடுத்து வெட்டி மேசையில் வைத்துக் காட்டினார். ஓடிய தூரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது, பேர் இல்லாத மலிவு ரகம். தாளின் மடிப்புகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் விலகியும் இருந்தன. சில மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றுக்குள் ஒயில் போனதற்கான அடையாளமே இல்லை. தாளின் இரண்டு ஓரமும் சேர்கிற இடத்தில் கோந்து விட்டுப்போய் விரல் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. அந்த வழியால் ஒயில் வடிபடாமலே போயிருக்கிறது. ரப்பர் வால்வை பாஸ் விரலால் மடித்தார், மடிந்த இடத்தில் வெடித்தது.

"பாத்தீங்களா, இது பில்டர் இல்ல, வெறும் டின்னு. இவ்ளோ நாளா இத நம்பித்தான் வண்டி ஓடியிருக்கு" என்றார்.

இரண்டாவதில் தாள் கறுத்திருந்தது, அழுக்குப் பிடித்திருந்தது, அதுதான் அதன் வேலை. மடிப்புகள் நேராக நின்றன. சிலிக்கோன் வால்வு இன்னும் மிருதுவாக இருந்தது. தாளில் ஒரு துண்டை வெட்டிப் பிழிந்து, வெயிலில் பிடித்துக் காந்தம் வைத்துப் பார்த்தார். காந்தத்தில் ஒட்டுவது இரும்புத் துகள், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் பெயரிங் தேய்கிறது என்று அர்த்தம், அப்போது பயப்பட வேண்டும். எந்த ஸ்கானரும் இல்லாமல் எஞ்சினின் உடம்பைப் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளே உலோக மூடிக்குப் பதிலாக அட்டை மூடி இருந்தால் அது மட்டம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அட்டை மூடி போட்ட நல்ல பில்டரும் உண்டு, தகரம் போட்ட மோசமான பில்டரும் உண்டு. தாளை மூடியோடு ஒட்டிய ஒட்டு பிடித்திருக்கிறதா என்பதுதான் விஷயம்.

அப்படியானால் ஏஜென்டிடம் ஜெனுயின் வாங்குவதே பாதுகாப்பா? பாதுகாப்புதான். டொயோட்டாவுக்கு டொயோட்டா லங்கா, டாடாவுக்கும் டிமோ பட்டாவுக்கும் டிமோ, பஜாஜுக்கு டேவிட் பீரிஸ் என்று நேராகப் போகிறவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வண்டிக் கம்பனிகள் அநேகமாகப் பில்டரைத் தாமே செய்வதில்லை. டொயோட்டாவின் பில்டர்கள் பலவற்றைச் செய்து கொடுப்பது டென்சோ. அப்படிப் பில்டர் செய்து விற்கிற கம்பனிகள் நிறைய உண்டு. ஜப்பானின் விஐசி, இந்தோனேசியாவின் சகுரா, ஜெர்மனியின் மான், மாலே, பொஷ். இவற்றில் உங்கள் வண்டியின் பில்டர் இலக்கத்துக்குச் சரியானதை வாங்கினால், ஏஜென்ட் விலை கொடுக்காமலே வேலை நடக்கும். நான் நடுவிலை என்று சொன்னது இதைத்தான்.

நீண்ட காலத்துக்கென்று செய்த, செயற்கை இழைத் தாள் போட்ட விலை கூடிய பில்டர்களும் வருகின்றன. ஃபுல் சிந்தெட்டிக் ஒயில் போட்டு, நீண்ட ரோட்டில் 10,000-க்கு மேல் ஓடுகிறவருக்கு அவை சரி. 5,000-இல் கழற்றி எறியப்போகிற நமக்கு அந்தக் காசு வீண். அதை எயார் பில்டருக்குப் போடுங்கள். தோட்ட ரோட்டுத் தூசு எஞ்சினுக்குள் போவது அந்த வழியால்தான். எயார் பில்டரைத் தட்டித் தட்டி வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, ஒயில் பில்டரிடம் தூசியைப் பிடிக்கச் சொல்வது நியாயமே இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது, ஜெனுயின் பெட்டியில் வருகிற டூப்ளிகேட். பேர் இல்லாத மலிவு பில்டரை வாங்குகிறவர் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறார், சீக்கிரம் மாற்றவும் பார்ப்பார். டூப்ளிகேட்டுக்கு முழு விலை கொடுத்தவர் நம்பிக்கையோடு அதிக தூரம் ஓடுவார். ஏஜென்ட் விலையில் பாதிக்கு "ஜெனுயின்" கிடைத்தால் கேள்வி கேளுங்கள். பெட்டியின் அச்சு மங்கியிருக்கிறதா, பெட்டியில் உள்ள இலக்கமும் டின்னில் உள்ள இலக்கமும் ஒன்றா, இறக்குமதி செய்தவரின் பெயர் இருக்கிறதா, மரை சுத்தமாக வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்து ஓட்டைக்குள் தெரிகிற ரப்பரை மெல்லிய குச்சியால் தொட்டுப் பார்த்தால் இளகி, மீண்டும் இடத்துக்கு வர வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

மரை என்றதும் இன்னொரு ஆபத்து. "பூட்டினா சரி, எல்லாம் ஒண்ணுதான்" என்று சில இடங்களில் எந்தப் பில்டரையும் எந்த வண்டிக்கும் போடுகிறார்கள். டொயோட்டாவில் பொதுவாக முக்கால் அங்குல மரை, அதாவது 19.05 மில்லிமீற்றர். ஹொண்டாவில் 20 மில்லிமீற்றர். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பெரிய மரைப் பில்டர் சின்ன மரையில் ஏறியும்விடும், ஆனால் பிடிமானம் இருக்காது. ரம்பொடை இறக்கத்தில் அது கழன்றால் எஞ்சினில் உள்ள ஒயில் முழுவதும் ரோட்டில்தான் இருக்கும். மரை பொருந்தினாலும் பைபாஸ் அழுத்தம் பொருந்த வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கே.டி.எச். வேன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். டர்போவின் தண்டு அதிவேகமாகச் சுற்றுவது மெல்லிய ஒயில் படலத்தின் மேல்தான், அங்கே மட்டமான பில்டருக்கு இடமே இல்லை. ஆனால் மூன்று லீற்றர் 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டரின் அடியில் இருக்கிற செப்பு வாஷர் கசிந்தால், கரி ஒயிலில் இறங்கி, சம்புக்குள் இருக்கிற உறிஞ்சு வலையையே அடைத்துவிடும். அது பில்டருக்கு முன்னால் நடக்கிற கோளாறு. எவ்வளவு நல்ல பில்டர் போட்டாலும் காப்பாற்றாது, அதனால் வாஷரைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சில ப்ரியஸ்களில் போல டின் இல்லாமல் தாள் மட்டும் மாற்றுகிற எஞ்சின்களில் வால்வுகள் வண்டியிலேயே இருப்பதால், தாளும் கூட வருகிற ஓ-ரிங்கும் நல்லதாக இருந்தால் போதும். ஓட்டோக்காரர்களுக்கு: பழைய டூ-ஸ்ட்ரோக்கில் ஒயில் பெற்றோலோடு எரிந்துபோகும், பில்டர் இல்லை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் சின்னப் பில்டர் உண்டு, அதன் விலையும் சின்னதுதான். மாற்றாமல் விட ஒரு காரணமும் இல்லை.

கடைசியாக, நம்ம பக்கத்தில் பரவலாக இருக்கிற ஒரு வழக்கம். "அண்ணே, இந்த வாட்டி ஒயில் மட்டும் மாத்துவோம், பில்டர அடுத்த வாட்டி பாத்துக்குவோம்." பழைய பில்டருக்குள் கால் லீற்றர் அளவுக்குக் கறுத்த ஒயில் தங்கியிருக்கும். புது ஒயிலை ஊற்றி ஸ்டார்ட் பண்ணிய அந்த நிமிஷமே அது போய்க் கலந்துவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஒயில் முதல் நாளே கொஞ்சம் பழையதாகிவிடுகிறது. விலை கூடிய பில்டரை இரண்டு சேர்விஸுக்கு இழுப்பதை விட, நடுவிலைப் பில்டரை ஒவ்வொரு சேர்விஸுக்கும் மாற்றுவது நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பில்டர் வாங்கும்போது பில் கேளுங்கள், இலக்கத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். போலி என்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்காகத்தான் அந்தச் சபையை அமைத்தார்கள். பூட்டிய பில்டரின் மேல் திகதியையும் கிலோமீற்றரையும் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த சேர்விஸில், கழற்றிய பில்டரை எறிய முன் வெட்டிக் காட்டும்படி உங்கள் பாஸிடம் கேளுங்கள். மறுக்க மாட்டார்.